மரம் ஏறக் காரபினர் வாங்கப் போகிறீர்களா?

தூங்குமூஞ்சி மரம் ஒன்றில், தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில், காய்ந்த கிளையை அறுத்து இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கைவாளை உறையில் செருகக் குனிந்தபோது, கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் இணைக்கும் உலோக வளையமான காரபினர் கண்ணில் பட்டது. தரையில் நன்றாக இறுக்கிவிட்டு ஏறிய அதன் திருகுப் பூட்டு முழுக்கக் கழன்று கிடந்தது. வளையத்தில் திறந்து மூடும் பகுதியான கேட் திறக்கவில்லை. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் மட்டும்தான் அதை மூடி வைத்திருந்தது. ஒரு சுள்ளி உள்பக்கமாக அழுத்தியிருந்தால் திறந்திருக்கும். யாரும் அதைத் தொடவில்லை. ஏறும்போது கயிறு அந்தத் திருகின் மேல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உரசிய ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவுக்கு அது கழன்றிருக்கிறது.

அது நல்ல நிறுவனத்தின் காரபினர்தான். பாறை ஏறுகிறவர்களுக்கு அருமையான சாதனம். மரத்துக்கு அதை எடுத்து வந்ததுதான் தவறு. புதிதாக ஏறக் கற்றுக்கொள்கிறவர்கள் பலரும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். "எவ்வளவு எடை தாங்கும்?" என்று கேட்டு வாங்குகிறார்கள். தாங்காமல் முறிந்த காரபினரை நான் இதுவரை பார்த்ததில்லை. தானாகத் திறந்துகொண்டதையும், பக்கவாட்டில் புரண்டு நின்றதையும் பல தடவை பார்த்திருக்கிறேன். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: இது எப்படிப் பூட்டுகிறது? இது எப்படி நிற்கும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதியிருப்பது மா, வேம்பு, புளி, தூங்குமூஞ்சி போன்ற கிளை விரிந்த மரங்களில் ஹார்னஸ் என்ற இடுப்பு, தொடைப் பட்டையை மாட்டிக் கயிற்றில் ஏறுகிறவர்களுக்கு. தென்னை, பனை ஏறும் முறை வேறு. அதற்கான கருவியும் பழக்கமும் வேறு. இன்னொன்று, கட்டுரையைப் படித்துவிட்டு நேராக மரத்துக்குப் போகாதீர்கள். ஏறத் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அவர் கீழே நிற்கும்போது ஏறுங்கள்.

பாறைக்கும் மரத்துக்கும் என்ன வித்தியாசம்?

காரபினர் மலையேறிகளிடமிருந்து நமக்கு வந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து மலையேறி ஓட்டோ ஹெர்சாக், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தீயணைப்பு வீரர்களின் கொக்கியைப் பார்த்துத்தான் இதைப் பாறைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர் பெரும்பாலான நேரம் தன் கை கால் பலத்தில் நிற்கிறார். விழுந்தால்தான் காரபினருக்கு வேலை. மரத்தில் நாம் காரபினரிலேயே தொங்குகிறோம். ஒரு கவைக்கு வந்ததும் காலூன்றி நிற்போம், கயிறு தளரும். மறுபடி சாய்வோம், இறுகும். ஒரு மரத்தில் ஏறி இறங்குவதற்குள் இப்படி நூறு தடவை நடக்கும். தளரும் ஒவ்வொரு தடவையும் காரபினர் கொஞ்சம் சுழலும். இறுகும்போது அது எந்தப் பக்கமாக நிற்கிறது என்பதில்தான் நம் உயிர் இருக்கிறது. இதோடு பட்டை, சுள்ளி, மரத்தூள், பிசின் எல்லாம் கேட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் படி: முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

காரபினரின் நீண்ட, திறக்காத பக்கத்தை முதுகு என்போம். அதற்கு எதிரே திறந்து மூடுவது கேட். கேட் வந்து பொருந்தும் முனை மூக்கு. முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னப் படம் இருக்கும். நீளவாக்கில் அம்பு போட்டிருப்பது, கேட் மூடிய நிலையில் நீளமாக இழுத்தால் தாங்கும் அளவு. குறுக்காக அம்பு போட்டிருப்பது, பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும் அளவு. திறந்த கேட் படம், கேட் திறந்திருக்கும்போது தாங்கும் அளவு. எல்லாம் கிலோநியூட்டன் கணக்கு. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிலோ எடை தொங்குவதற்குச் சமம்.

இந்த மூன்று எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். சாதாரணமாக நீளவாக்கில் 22 முதல் 28 வரை இருக்கும். குறுக்கே 7 அல்லது 8, கேட் திறந்திருந்தால் 6 அல்லது 7. அதாவது அதே காரபினர், அதே கயிறு, அதே ஆள். புரண்டு நின்றாலோ திறந்து நின்றாலோ பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

7 கிலோநியூட்டன் என்றாலும் 700 கிலோவுக்கு மேல், என் எடை 70 தானே என்று தோன்றும். அசையாமல் தொங்கினால் சரி. தளர்ந்த கயிற்றில் ஒரு மீட்டர் விழுந்து நின்றால் கணக்கு மாறிவிடும். கட்டட வேலையில் பயன்படும் வீழ்ச்சித் தடுப்புக் கயிறுகளில் அதிர்ச்சியை உள்வாங்க ஒரு பட்டை வைத்திருப்பார்கள்; உடலில் விழும் இழுப்பை 6 கிலோநியூட்டனுக்குள் அது அடக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மரம் ஏறும் கயிறு அதிகம் இழுபடாது, நம் அமைப்பில் அந்தப் பட்டையும் கிடையாது. ஆகவே குறுக்கே 7 என்பது நிம்மதியான எண்ணே இல்லை. கயிற்றை எப்போதும் தளரவிடாமல் வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்.

எண்களுக்குப் பக்கத்தில் தர முத்திரை தேடுங்கள். சி.இ. என்ற ஐரோப்பிய அடையாளத்தோடு நான்கு இலக்க எண், பிறகு ஐரோப்பியத் தர எண்ணான ஈ.என். 362 அல்லது ஈ.என். 12275 என்றிருக்கும். 362 உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கானது, 12275 மலையேறிகளுக்கானது. பல காரபினர்களில் இரண்டும் இருக்கும். நமக்கு 362 இருப்பது முக்கியம். ஆனால் அது மட்டும் போதாது. திருகுப் பூட்டு வைத்த காரபினருக்கும் 362 கிடைக்கும்.

மரம் ஏறும் வேலைக்கென்றே எழுதப்பட்ட விதிகளில் தெளிவாகப் பேசுவது அமெரிக்காவின் ஆன்சி இசட்133. ஏறப் பயன்படும் காரபினர் தானாக மூட வேண்டும், தானாகப் பூட்ட வேண்டும், திறப்பதற்குத் தயார் செய்யவே அடுத்தடுத்து இரண்டு அசைவுகளாவது வேண்டும், குறைந்தது 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்கிறது. 5,000 பவுண்டு என்பது 22.24 கிலோநியூட்டன். 22 என்று பொறித்த காரபினர் இந்த வரம்புக்கு நூலிழை கீழே நின்றுவிடுகிறது. நான் 23-க்குக் குறைந்த எதையும் எடுப்பதில்லை. இங்கே நம்மைக் கேட்பார் யாரும் இல்லாவிட்டாலும், இந்த வரையறையையே பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இரண்டாம் படி: பூட்டு

பூட்டே இல்லாமல் ஸ்பிரிங் கேட் மட்டும் உள்ளவை தண்ணீர்ப் பாட்டிலும் கைவாளும் மாட்ட உதவும். உடலைத் தாங்கும் எந்த இடத்திலும் அவை வரக் கூடாது.

திருகுப் பூட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நாமாகத் திருக வேண்டும், மறந்தால் பூட்டே இல்லை, மறக்காவிட்டாலும் கழலும்.

அடுத்தது இரண்டு அசைவுப் பூட்டு. கேட்டைச் சுற்றியிருக்கும் உறையைக் கால் சுற்றுத் திருப்பி, கேட்டை உள்ளே அழுத்தினால் திறக்கும். விட்டால் தானாக மூடிப் பூட்டும். கடையில் கையில் எடுத்தால் வசதியாக இருக்கும், விலையும் குறைவு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கயிறு உறையின் மேல் உரசிக்கொண்டே உருண்டால் அதைத் திருப்பவும் செய்யும், அடுத்த கணமே உள்ளே அழுத்தவும் செய்யும். திறப்பதற்கு நம் கை செய்யும் இரண்டு வேலையையும் ஒரே கயிறு செய்துவிட முடியும்.

நமக்கு வேண்டியது மூன்று அசைவுப் பூட்டு. உறையை மேலே தள்ள வேண்டும், சில நிறுவனங்களில் கீழே இழுக்க வேண்டும். பிறகு திருப்ப வேண்டும். பிறகுதான் கேட்டை உள்ளே அழுத்தலாம். இந்த மூன்றும் ஒரே வரிசையில் தற்செயலாக நடப்பது மிக அரிது. பெட்சல் நிறுவனம் உறையில் ஒரு சின்னப் பச்சைக் குண்டு வைத்த வகையும் செய்கிறது. குண்டை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். பூட்டியிருக்கிறதா என்பதைப் பச்சை தெரிவதை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் பிசினும் மரத்தூளும் அந்தக் குண்டைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். பலா மரத்துப் பால் பட்டால் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். நான் இழுத்துத் திருப்பும் வகையையே விரும்புகிறேன். உங்கள் கைக்கு எது பழகுகிறதோ அதை எடுங்கள். ஆனால் உயிர் தாங்கும் காரபினர்கள் அத்தனையும் ஒரே வகைப் பூட்டாக இருக்கட்டும். ஒன்றை மேலே தள்ள வேண்டும், இன்னொன்றைக் கீழே இழுக்க வேண்டும் என்றிருந்தால், களைத்த கை தடுமாறும்.

மூக்கையும் பாருங்கள். பழைய பாணியில் மூக்கின் நுனியில் கொக்கி போல ஒரு வெட்டு இருக்கும். கயிற்றின் இழையும் ஹார்னஸின் நாடாவும் அதில் மாட்டும். பாதி மாட்டிய நிலையில் கேட் மூடாது, நாம் மூடிவிட்டதாக நினைத்துச் சாய்வோம். இப்போது வரும் நல்ல காரபினர்களில் மூக்கு வழவழப்பாக, சாவி துளையில் பொருந்துவது போலப் பொருந்தும். அதையே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: வடிவம்

முட்டை வடிவம், டி வடிவம், பேரிக்காய் வடிவம் என்று மூன்று கண்ணில் படும்.

முட்டை வடிவத்தில் இரு முனையும் ஒரே மாதிரி வளைந்திருக்கும். எதை மாட்டினாலும் நடுவில் வந்து நிற்கும். கப்பி சாயாமல் நேராக ஓட இதுதான் வேண்டும். ஏறும் கயிற்றைச் சுற்றிப் போட்டு, எடை ஏறியதும் இறுகிப் பிடிக்கும் உராய்வு முடிச்சுக்கான சிறு கயிற்றின் இரண்டு கண்களும், நடுவே ஒரு சின்னக் கப்பியும் மாட்டுவது நம் வழக்கம். முட்டை வடிவத்தில் அவை வரிசையாக உட்காரும், ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. சுமை முதுகோடு மட்டும் போகாமல் கேட் பக்கமும் பகிர்ந்து போவதால் பலம் கொஞ்சம் குறைவு. மலையேறிகள் தரத்தில் இதற்கு 18 கிலோநியூட்டன் போதும், மற்றவற்றுக்கு 20. நம் வரம்பு 23 என்பதால் எண்ணைப் பார்த்தே எடுங்கள். கிடைக்கும்.

டி வடிவம் சுமையை முதுகை ஒட்டித் தள்ளிவிடும். மூன்றிலும் பலமானது இதுதான். கயிற்றின் நுனியை ஹார்னஸில் இணைக்கவும், மரத்தைச் சுற்றிப் போடும் சிறு கயிறான லேன்யார்டின் முனையிலும் இது ஏற்றது.

பேரிக்காய் வடிவம் ஒரு பக்கம் அகலமாக இருக்கும். வட்டத்துக்குள் எச் என்ற எழுத்து அதன் அடையாளம். பலவற்றை ஒரே இடத்தில் சேர்க்க உதவும். அந்த அகலமே அதன் தொல்லையும்கூட. உள்ளே தாராளமாக இடம் இருப்பதால் எளிதாகப் புரளும். ஒரே ஒரு கயிற்றை மாட்ட இதை எடுக்காதீர்கள்.

புரளாமல் நிறுத்த ஒரு நல்ல வழி, கயிற்றின் நுனியில் காரபினரைக் கவ்விப் பிடிக்கும் முடிச்சு போடுவது. மீனவர் முடிச்சை இரட்டையாகச் சுற்றிச் சுருக்காகப் போட்டால், இழுக்க இழுக்க இறுகி, காரபினரின் முனையிலேயே அது தங்கிவிடும். கயிறு தளர்ந்தாலும் காரபினர் சுழலாது. தளர்வான வளையத்தில் தொங்கும் காரபினரையும் இப்படிக் கட்டிய காரபினரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள், உடனே புரியும்.

நான்காம் படி: அலுமினியமா, எஃகா?

ஏறுவதற்கு அலுமினியக் கலவை போதும். ஒன்று 80 கிராம் அளவில் இருக்கும். அதே அளவு எஃகு 200 கிராமைத் தாண்டும். ஐந்தாறை இடுப்பில் மாட்டினால் வித்தியாசம் தெரியும். உள்ளே எஃகுக் கம்பி வைத்த லேன்யார்டு பயன்படுத்தினால் அதன் முனைக்கு எஃகு. வெட்டிய கிளையைக் கட்டி இறக்கும் வேலைக்கும் எஃகு. அந்தக் காரபினர்களில் வண்ண நாடா சுற்றித் தனிப் பையில் வையுங்கள். கிளை விழும் அதிர்ச்சியைத் தாங்கிய காரபினரில் மறுநாள் மனிதர் தொங்கக் கூடாது.

ஐந்தாம் படி: கடையில்

இரும்புச் சாமான் கடைகளில் பருமனான கொக்கிகள் தொங்கும். பளபளப்பாக, கைக்குக் கனமாக இருக்கும். முதுகைத் திருப்பினால் எழுத்தே இருக்காது, அல்லது ஒரு எண் மட்டும் இருக்கும். முருங்கை பருத்தால் தூணாகுமா? முத்திரை, மூன்று எண்கள், தொகுதி எண், கூடவே வரும் விளக்கத் தாள் ஆகிய நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். பெட்சல், டி.எம்.எம்., ஐ.எஸ்.சி., காம்ப், காங் போன்ற பெயர் தெரிந்த நிறுவனங்களின் பொருளை அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். யாரோ பயன்படுத்தியதை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். அது எங்கே எதைத் தாங்கியது என்று அவருக்கே தெரியாது.

கடைக்குப் போகும்போது உங்கள் கயிற்றில் ஒரு துண்டு, முடிச்சுக் கயிறு, வேலைக்குப் போடும் கையுறை மூன்றையும் கொண்டுபோங்கள். நம் கயிறு பெரும்பாலும் 11 முதல் 13 மில்லிமீட்டர் பருமன். முடிச்சுப் போட்டதும் இரண்டு மடங்காகிவிடும். அது கேட்டின் வழியே சிக்காமல் நுழைகிறதா பாருங்கள். கையுறையோடு ஒரே கையால் திறந்து மூடுங்கள், வலது கையால் 20 தடவை, இடது கையால் 20 தடவை. மேலே போனபிறகு இன்னொரு கை காலியாக இருக்காது.

பிறகு நான் தவறாமல் செய்யும் ஒரு சோதனை. கேட்டைப் பாதி திறந்து, விரலை மெல்ல விடுவேன். சட்டென்று விட்டால் எந்தக் காரபினரும் நன்றாகத்தான் மூடும். மெல்ல விடும்போது பாதியில் நின்றாலோ, மூடிய பின்பும் உறை முழுதாகத் திரும்பாமல் நின்றாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். புதிதிலேயே தயங்குவது மரத்தூள் பட்டபின் என்ன செய்யும்?

தொடக்கத்துக்கு ஐந்து போதும்: உராய்வு முடிச்சுக்கு முட்டை வடிவம் ஒன்று, கயிற்று நுனிக்கும் லேன்யார்டின் நுனிக்கும் டி வடிவம் இரண்டு, லேன்யார்டின் நீளத்தைச் சரிசெய்யும் இடத்துக்கு முட்டை வடிவம் ஒன்று, கையிருப்பு ஒன்று.

ஆறாம் படி: தரையிலிருந்து ஒரு மீட்டரில்

தாழ்வான, உயிருள்ள, பருத்த கிளை ஒன்றில் கயிற்றைப் போடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போகும் மரம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு காரபினரையும் மாட்டும்போது மூன்று காரியம் செய்யுங்கள். பூட்டு விழும் சத்தத்தைக் கேளுங்கள். உறை முழுதாகத் திரும்பியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். பூட்டைத் தொடாமல் கேட்டை மட்டும் உள்ளே அழுத்துங்கள், அசையக் கூடாது. சத்தம் கேட்டது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஹார்னஸ் நாடாவின் ஓரம் உள்ளே மாட்டியிருந்தாலும் ஒரு சத்தம் கேட்கும்.

இப்போது மெல்ல உட்காருவது போல எடையை ஏற்றுங்கள், கால் தரையை விடுவதற்கு முன் காரபினரைப் பாருங்கள். சுமை முதுகோடு போகிறதா? பிறகு எழுந்து நின்று கயிற்றைத் தளரவிட்டு மறுபடி உட்காருங்கள். பத்துத் தடவை. எப்போது புரள்கிறது, எதில் இடித்துப் புரள்கிறது என்று உங்கள் கண்ணாலேயே கண்டுபிடிப்பீர்கள். என் அனுபவத்தில் அந்தப் பத்து நிமிடம் கற்றுத் தருவதை எந்தப் பேச்சும் கற்றுத் தருவதில்லை.

மேலே போகும்போது சில இடங்களைத் தவிர்க்க வேண்டும். காரபினர் கிளையின் விளிம்பில் படுத்து, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கமாக இழுபடக் கூடாது. அது வளைக்கும் சுமை, முதுகில் பொறித்த எண்கள் எதுவும் அதற்கானவை அல்ல. தண்டைச் சுற்றிக் கயிற்றைச் சுருக்காகப் போட்டு அந்தச் சுருக்கைக் காரபினரால் பூட்டினால் இதுதான் நடக்கும். அந்த இடத்தில் ஓடும் முடிச்சே மேல். காரபினரோடு காரபினரை நேராகக் கோக்காதீர்கள். ஒன்று முறுக்கும்போது மற்றதன் பூட்டைத் திருப்பிவிடும். ஒரே காரபினரை மூன்று திசையில் இழுக்கவிடாதீர்கள். கேட் பட்டையைப் பார்த்து இருக்கக் கூடாது. வாள் கையில் இருக்கும்போது ஏறும் கயிறும் லேன்யார்டும் இரண்டும் மாட்டியிருக்க வேண்டும்.

பராமரிப்பு

வேலை முடிந்த அன்றே துடையுங்கள். பிசின் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் பழைய பல் துலக்கியும் போதும். திறந்து மூடித் திறந்து மூடிக் கழுவி, நிழலில் உலர்த்தி, பூட்டின் உள்ளே உலர் மசகு ஒரு சொட்டு விடுங்கள். வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் வேண்டாம்; அது மரத்தூளைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். கடற்கரையோர ஊர்க்காரர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். உப்புக் காற்றில் அலுமினியத்தின் மேல் வெண்பொடி பூக்கும், உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிக்கும், கேட் தயங்கத் தொடங்கும்.

ஏறும் ஒவ்வொரு நாளும் கயிறு உரசும் வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் நகம் நின்று சொல்லும். பள்ளத்தின் ஓரம் கூராகிவிட்டால் அது கயிற்றை அறுக்கும். பிசிறு, விரிசல், ஆடும் ரிவெட், மூக்கில் பொருந்தாத கேட் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றோடு அதன் வேலை முடிந்தது. பிரிட்டனில் மனிதரைத் தாங்கும் இத்தகைய கருவிகளைத் தகுதியான ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நாமும் ஒரு நோட்டில் தொகுதி எண், வாங்கிய தேதி, பார்த்த தேதி எழுதி வைத்தால் போதும். பலமான அடி வாங்கியது, உயரத்திலிருந்து கல்லில் விழுந்தது என்றால் அதையும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ஒதுக்கியதைக் கருவிப் பெட்டியின் மூலையில் போடாதீர்கள். அவசரத்தில் ஒருநாள் கை அதைத்தான் எடுக்கும். பழைய இரும்புக்காரரிடமும் முழுசாகக் கொடுக்காதீர்கள். அதே வாரத்தில் வேறொருவரின் இடுப்பில் அது தொங்கலாம். இடுக்கியில் பிடித்து, இரும்பு அறுக்கும் வாளால் முதுகை இரண்டாக அறுத்துவிட்டு, இரண்டு துண்டையும் கொடுங்கள்.